பல்கலைக்கழக அரங்குகளில் சிறு குழுக்களுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் ஒரு சிறு நாடகக் குழு. அவ்வப்போது படத் திரையிடலும் இலக்கியச் சொற்பொழிவும் நடத்துகிறோம். நூறு, நூற்றைம்பது பேர் வந்தாலே எங்களுக்கு நல்ல கூட்டம். இதற்கு ஏற்ற அரங்கு தனியாரிடம் கிடைப்பது அரிது, பல்கலைக்கழகங்களில்தான் இருக்கிறது. ஆனால் அது எங்களுக்கு எட்டுவதில்லை.

எங்கள் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் கேட்டோம். முழு நாள் வாடகை, முன்வைப்புத் தொகை, 18 சதவீத ஜிஎஸ்டி, ஜெனரேட்டர் டீசல் தனி, ஏசி தனி என்றார்கள். கம்பெனி ஆண்டு விழாவுக்கும் டிக்கெட் இல்லாத நாடகத்துக்கும் ஒரே கட்டணம்தான். அரை நாள் என்ற பேச்சே இல்லை.

எப்படியோ பணம் திரட்டினோம். அப்புறம்தான் நேரம் பெரிய சிக்கலானது. ஆறரை மணி நாடகத்துக்குக் காலையிலேயே உள்ளே போயாக வேண்டும். ஏணி போட்டு ஒவ்வொரு விளக்கையும் திருப்பி, நடிகர் நிற்கும் இடத்தில் வெளிச்சம் முகத்தில் விழுகிறதா, நெற்றியோடு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருமுறையாவது முழு ஒத்திகை வேண்டும். எங்களுக்குக் கதவு திறந்தது நான்கு மணிக்கு. மேடை விளக்குகளை இயக்கும் பலகை இருந்த அறையின் சாவி எலெக்ட்ரீஷியனிடம் இருந்தது, அவர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விட்டார். மேடையில் எரிந்த ட்யூப்லைட்டிலேயே நாடகத்தை நடத்தினோம். மாதக்கணக்கில் உழைத்த பிள்ளைகளின் முகத்தை அன்று என்னால் பார்க்க முடியவில்லை.

திரையிடல் என்றால் சன்னல்களுக்குக் கறுப்புத் திரை வேண்டும். அது இல்லாவிட்டால் இருட்டும்வரை படம் வெளிறித்தான் தெரியும். சொற்பொழிவுக்கு ஒரு நல்ல மைக் போதும்.

இன்னொன்று, அரங்க அலுவலகத்தில் நாடகப் பிரதியைக் காவல் துறையிடம் காட்டி அனுமதி வாங்கி வரச் சொல்கிறார்கள். பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி தொடுத்த வழக்கில், 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தில் பிரதியைக் கேட்கவும் நாடகத்தைத் தடுக்கவும் அதிகாரம் தந்த முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013இலேயே சொல்லிவிட்டது. அரங்க அலுவலகங்களுக்கு இது இன்னும் போய்ச் சேரவில்லை.

நவீனத் தமிழ் நாடகத்தின் வரலாற்றில் 1977இல் காந்திகிராமத்தில் பேராசிரியர் சே. இராமானுஜம் முன்னின்று நடத்திய 70 நாள் நாடகப் பயிலரங்குக்குப் பெரிய இடம் உண்டு. அது நடந்ததும் ஒரு கல்வி வளாகத்தில்தான். நாடகத்துக்கு இடம் கொடுக்கும் பழக்கம் நம் பல்கலைக்கழகங்களுக்குப் புதிதல்ல.

வாடகையே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. லாபநோக்கில்லாத குழுக்களுக்குத் தனிக் கட்டணம், அரை நாள் வாடகை, அதில் சேராத ஒத்திகை நேரம், நிகழ்ச்சி முடியும்வரை உடனிருக்கும் ஒரு ஒளி-ஒலிப் பணியாளர் ஆகியவற்றைக் கேட்கிறோம். பணியாளருக்கான மிகைநேர ஊதியத்தை நாங்களே தருகிறோம். இருக்கை எண்ணிக்கை, மேடை அளவு, விளக்குகளின் விவரம், புரொஜெக்டரின் திறன், கட்டணம் எல்லாம் ஒரே தாளில் கிடைத்தால், அலுவலகம் அலுவலகமாக அலையாமல் நாங்களே முடிவெடுத்துக்கொள்வோம்.

விடுமுறை மாதங்களில் இந்த அரங்குகள் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. வரும் கோடை விடுமுறைக்கு முன்பே பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்கள் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நாடகக் குழு அமைப்பாளர்