145 முதல் 160 வரை பக்கங்கள் இல்லை: மூன்றாவது புகார்

அனுப்புநர்: செயலாளர், ஊர்ப் படிப்பகம், சுவாமிமலை அருகில், தஞ்சாவூர் மாவட்டம்.
பெறுநர்: குறைதீர் அலுவலர், இணையவழிப் புத்தக விற்பனை நிறுவனம்.
நாள்: 5 ஆகஸ்ட் 2025

ஐயா / அம்மா,

வணக்கம். ஜூன் 4ஆம் தேதி உங்கள் தளத்தில் எங்கள் படிப்பகத்துக்காக வாங்கிய 22 புத்தகத் தொகுப்பு (பண்பாட்டு நூல்கள் 13, அரசியல் த்ரில்லர் நாவல்கள் 9, மொத்தம் ரூ. 6,840) தொடர்பாக எழுதுகிறேன். இது மூன்றாவது புகார். முன்பு கொடுத்த இரண்டும் உங்கள் செயலியில் "தீர்க்கப்பட்டது" என்று பச்சை நிறத்தில் கிடக்கின்றன. எதுவும் தீரவில்லை. அதனால்தான் இந்த முறை காகிதத்தில் எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 22இல் 18 புத்தகங்கள் நல்ல நிலையில் வந்தன. தேர்வும் நல்ல தேர்வு. கூத்து, கோயில் கட்டடக் கலை, பதிப்பு வரலாறு என்று பண்பாட்டு வரிசையை யோசித்துத்தான் சேர்த்திருக்கிறீர்கள். குறை மீதி நான்கில்தான் இருக்கிறது. அந்த நான்கை வைத்துக்கொண்டு 52 நாட்களாக எங்களை அலைய வைத்திருக்கிறீர்கள்.

தொகுப்பில் 16ஆம் எண்ணாக உள்ள மொழிபெயர்ப்பு த்ரில்லரை எடுத்துக்கொள்கிறேன். எந்தப் புத்தகம் என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் முகப்புப் பக்கத்தில் இன்னமும் அதன் படம்தான் இருக்கிறது. டெமி அளவு, 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சிட்டு மடித்த 16 பக்கத் தொகுதி). அதில் 144ஆம் பக்கத்தைத் திருப்பினால் மறுபடி 129 வருகிறது. 129 முதல் 144 வரை இரண்டாவது தடவை ஓடி, அடுத்து நேராக 161. அதாவது 9ஆம் ஃபாரம் இரண்டு முறை, 10ஆம் ஃபாரம் கிடையாது. பைண்டிங் மேசையில் ஃபாரங்களை வரிசையாக அடுக்கும்போது 10ஆம் ஃபாரம் கட்டு இருக்க வேண்டிய இடத்தில் 9ஆம் ஃபாரம் கட்டை வைத்துவிட்டால் இப்படி ஆகும். யாராவது கவனிக்கும்வரை அந்த மேசையில் அடுக்கிய எல்லாப் பிரதியும் இதே மாதிரிதான் வரும். ஜூன் 14ஆம் தேதிப் புகாரிலேயே இதை எழுதினேன். "அதே பெட்டியிலிருந்து மாற்றுப் பிரதி அனுப்ப வேண்டாம், 144ஆம் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். ஜூன் 28இல் மாற்றுப் பிரதி வந்தது. 144க்குப் பிறகு 129. ஜூலை 19இல் இன்னொன்று வந்தது. அதிலும் 144க்குப் பிறகு 129. ஒரே குறையுள்ள மூன்று பிரதிகள் இப்போது எங்கள் மேசையில் இருக்கின்றன.

"எங்கள் கிடங்கில் எடை சரிபார்த்துத்தான் அனுப்புகிறோம், எடை சரியாக இருக்கிறது" என்று பதில் மின்னஞ்சல் போட்டீர்கள். எடை சரியாகத்தான் இருக்கும்! ஒரு ஃபாரம் குறைந்து, அதே பருமனில் இன்னொரு ஃபாரம் கூடியிருக்கிறது. தாள் அதே தாள், பக்கக் கணக்கும் அதே கணக்கு. தராசு இதைக் காட்டாது, பார்கோடு காட்டாது. பக்க எண்ணைக் கண்ணால் பார்த்தால் மட்டும்தான் தெரியும். அதற்கு ஐந்து விநாடி போதும். புத்தகம் விற்கும் நிறுவனத்துக்கு இதை ஒரு வாசகர் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 24ஆம் தேதி மதியம் உங்கள் வாடிக்கையாளர் சேவையிலிருந்து பேசியவரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பெயர் வேண்டாம், அழைப்புப் பதிவு உங்களிடம் இருக்கும். 40 நிமிடம் காத்திருப்பில் போட்டுவிட்டு வந்து அவர் சொன்னது இது: "சார், கதை புக்கு தானே? கடைசிப் பக்கம் இருக்குல்ல? யாரு செஞ்சான்னு தெரிஞ்சாப் போதாதா?"

போதாது. அரசியல் த்ரில்லர் என்று வகை பிரித்து, அட்டையில் போட்டு, அதைச் சொல்லியே விற்கிறீர்கள். அந்த வகையில் முடிவு பெரிய விஷயமே இல்லை என்பது விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ஃப்ரெடெரிக் ஃபோர்சைத் எழுதிய 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' 1971இல் வந்தது. பிரான்ஸ் அதிபராக இருந்த சார்லஸ் டி காலைக் கொல்ல வாடகைக் கொலையாளியை அமர்த்தும் கதை. டி கால் 1970 நவம்பரில் தன் வீட்டில் இயற்கையாக இறந்தவர். கொலை முயற்சி தோற்கும் என்பது முதல் பக்கத்தைத் திறக்கும் முன்பே எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் உலகமே அதைப் படித்தது. போலிக் கடவுச்சீட்டு எப்படிக் கிடைக்கிறது, துப்பாக்கி எந்த உருவில் எல்லையைத் தாண்டுகிறது, போலீஸ் எந்த நூலைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறது என்ற வழிதான் அங்கே கதை. அந்த வழியில் 16 பக்கத்தைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் அட்டை. எங்கள் நாவலில் 161ஆம் பக்கத்தில் அமைச்சரின் செயலாளர் திடீரென்று வேறு பெயரில் வேறு ஊரில் இருக்கிறார். ஏன் என்பது 145க்கும் 160க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

அந்த மனிதர் பேசிய தொனியை நான் மன்னிக்க மாட்டேன். எங்கள் படிப்பகத்தில் அந்த நாவலுக்கு 11 பேர் பெயர் எழுதிக் காத்திருந்தார்கள். முதலில் எடுத்துப் போனவர் மறுநாளே திருப்பிக் கொடுத்தார். இரண்டு மாதமாக அந்த அலமாரிப் பக்கம் யாரும் வருவதில்லை. இருபது வருடமாகச் சேர்த்த நம்பிக்கை இந்த ஒரு பெட்டியால் போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மன்னிக்கவும், வரிசை தவறுகிறது. அடுத்த புத்தகத்துக்கு வருகிறேன். உண்மையில் இதுதான் பெரிய இழப்பு.

பண்பாட்டு வரிசையில் 7ஆவது நூல், தமிழ்நாட்டுக் கோயில் செப்புத் திருமேனிகள் களவுபோனதும் மீண்டு வந்ததும் பற்றியது. 112ஆம் பக்கத்துக்கும் 113ஆம் பக்கத்துக்கும் நடுவே ஆர்ட் பேப்பரில் 16 பக்கப் படத்தொகுப்பு இருக்க வேண்டும், பொருளடக்கத்திலேயே போட்டிருக்கிறது. எங்களுக்கு வந்த பிரதியில் அந்த எட்டு இதழ்களும் (16 பக்கத்துக்கு எட்டுத் தாள்) இல்லை. மாற்றுப் பிரதியில் மூன்று இதழ் மட்டும் கழன்று உள்ளே கிடந்தது. முதல் பிரதியில் 112ஐ விரித்து முதுகுப் பக்கம் உற்றுப் பார்த்தால் பசைக் கோட்டில் ஆர்ட் பேப்பரின் வெள்ளை நார் நகக்கண் அளவுக்கு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அச்சகத்தில் வைத்திருக்கிறார்கள், பிறகுதான் கழன்றிருக்கிறது என்று அர்த்தம். வழவழப்பான ஆர்ட் பேப்பரைச் சூட்டுப் பசை சரியாகப் பிடிக்காது. முதுகைச் சுரண்டிச் சொரசொரப்பாக்காமல் ஒட்டி, வெயிலில் கொதிக்கும் தகரக் கூரைக் கிடங்கில் படுக்கைவசமாக அடுக்கினால் ஒவ்வொன்றாகக் கழலும். உங்கள் ஆட்கள் "பக்க எண் விடாமல் வருதே சார்" என்றார்கள். படத்தொகுப்புக்குப் பக்க எண் கிடையாது. 112க்குப் பிறகு 113 வரத்தான் செய்யும்.

படம் போனால் என்ன என்று கேட்பீர்கள். சிலைத் திருட்டில் படம்தான் சாட்சி. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் விலைக்கு வாங்கியது. 2014இல் திரும்பி வந்தது. அது நம் கோயில் திருமேனிதான் என்று காட்ட உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். திருவாசி என்ற நெருப்பு வளையத்தின் சுடர், காலடியில் முயலகன் கிடக்கும் கோணம், பீடத்தின் தேய்மானம் என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது அதுதான் என்று சொல்ல முடியும். அந்த நூலில் வரிக்கு வரி "படம் 9ஐயும் படம் 10ஐயும் ஒப்பிடுக" என்று இருக்கிறது. எதை ஒப்பிடுவது? எங்கள் படிப்பகத்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் மெழுகு பிடித்து, வண்டல் மண் பூசி, உலோகம் ஊற்றுகிற பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள். ஒரு விரல் மடங்கும் விதத்தைப் பார்த்தே காலத்தைச் சொல்லக்கூடியவர்கள். அவர்கள் கையில் படமில்லாத புத்தகத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மற்ற இரண்டு, 19ஆம் 20ஆம் எண் த்ரில்லர்கள். அவை கள்ளப் பதிப்பு என்பது என் உறுதியான கருத்து. பின்னட்டைப் பார்கோட்டின் கீழ் உள்ள ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணும், உள்ளே நூல் விவரப் பக்கத்தில் உள்ள எண்ணும் வேறு வேறு. 'ணை', 'ஞ' எழுத்துகளின் சுழிகள் மை அடைத்துக் கறுப்புப் பொட்டாக இருக்கின்றன. அச்சான புத்தகத்தைத் திரும்ப ஸ்கேன் செய்து அச்சிட்டால் வருவது அது. வரிகள் பக்கத்துக்குப் பக்கம் சாய்கின்றன. நீங்களே அடித்தீர்கள் என்று நான் சொல்லவில்லை, உங்கள் தளத்தில் கடை போட்டிருக்கும் ஏதோ ஒரு விற்பனையாளர் தள்ளிவிட்டிருப்பார். ஆனால் பில் உங்கள் பெயரில் இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவின்படி இது ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நான்கு பக்கங்களின் படத்தை இரண்டு பதிப்பகங்களுக்கும் அனுப்பத் தயாராக வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.

திருப்பி எடுத்துக்கொள்ளும் கதை தனி. எங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, ஒவ்வொரு புகாரிலும் எழுதியிருக்கிறேன். ஜூலை 7 திங்கள், ஆள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு "வாடிக்கையாளர் மறுத்துவிட்டார்" என்று பதிந்துவிட்டுப் போனார். ஜூலை 21, மறுபடி திங்கள். போன் வந்ததும் ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். அந்தத் தம்பி பார்கோடை ஸ்கேன் செய்தார், "பொருள் பொருந்தவில்லை" என்று வந்தது. காரணம் என்ன தெரியுமா? உங்கள் பட்டியலில் இருப்பது கெட்டி அட்டைப் பதிப்பின் ஐஎஸ்பிஎன். நீங்கள் அனுப்பியது சாதா அட்டை. இரண்டுக்கும் தனித்தனி எண் உண்டு. நீங்களே மாற்றி அனுப்பிவிட்டு, மாறியிருக்கிறது என்று நீங்களே வாங்க மறுக்கிறீர்கள். தம்பி மேல் எனக்குக் கோபமில்லை, அவர் வெயிலில் வந்தவர்.

பிறகு "நேரில் கொண்டு வந்து கொடுங்கள்" என்றார்கள். ஜூலை 26 சனிக்கிழமை, இரண்டு பஸ் மாறி, 26 கிலோமீட்டர், ஐந்து கிலோ கட்டைத் தூக்கிக்கொண்டு உங்கள் கூரியர் மையத்துக்குப் போனேன். வாசலில் காவலர், "சனிக்கிழமை ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க" என்றார். உங்கள் மின்னஞ்சலில் அந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? கட்டோடு திரும்பி வந்தேன். அன்றைக்குப் பட்ட அவமானத்துக்கு நீங்கள் எந்த விலையும் போட முடியாது.

புறநானூற்றில் 267, 268ஆம் பாட்டுகள் கிடையாது. ஏடு அழிந்தது, இனி எங்கே தேடியும் கிடைக்கப் போவதில்லை, மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். உங்கள் புத்தகத்தில் இல்லாத பக்கங்கள் இன்றைக்கும் ஏதோ ஒரு பைண்டிங் கூடத்தில் கட்டாக இருக்கின்றன. எடுத்துக் கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான். அதனால்தான் "ரீஃபண்ட் வாங்கிக்கோங்க சார்" என்று சொன்னபோதெல்லாம் வேண்டாம் என்றேன். எங்களுக்குப் பணம் வேண்டாம், முழுப் புத்தகம் வேண்டும்.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். 16ஆம் எண் நாவலுக்குப் பதிப்பகத்திடமிருந்தே நேரடியாக, வேறு கட்டிலிருந்து ஒரு பிரதி வாங்கி, 144, 145, 160, 161 நான்கு பக்கங்களையும் புகைப்படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டுப் பிறகு புத்தகத்தை அனுப்புங்கள். 7ஆவது நூலில் எட்டு இதழும் அசையாமல் இருக்கிறதா என்று விரித்துப் பார்த்து, நெளியாதபடி அட்டைப் பெட்டியில் வையுங்கள், பிளாஸ்டிக் உறை போதாது. கள்ளப் பிரதி இரண்டுக்கும் அசல் பிரதி வேண்டும், எந்த விற்பனையாளரிடமிருந்து வந்தது என்பதும் எழுத்தில் வேண்டும். பழைய பிரதிகளைத் திருப்பி எடுக்கும்போது ஸ்கேன் இல்லாமல், கையால் பதிந்து எடுத்துக்கொள்ளும்படி உத்தரவு போடுங்கள். ஜூலை 24இல் பேசியவர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

2020 மின்வணிக விதிகளின்படி புகார் வந்து 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எங்கள் முதல் புகாரின் கெடு ஜூலை 14ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஆகஸ்ட் 20 வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும், தொடர்ந்து எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன். இங்கிருந்தே கொடுக்கலாம், உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு வர வேண்டியதில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. பில், மூன்று பிரதிகளின் படங்கள், பஸ் டிக்கெட் நான்கு, அழைப்பு நேரப் பட்டியல் எல்லாவற்றின் நகலும் இத்துடன் உள்ளது. அதுவரை போக வேண்டாம் என்பதே என் விருப்பம். அடுத்த தொகுப்பும் உங்களிடமே வாங்கலாம் என்றுதான் ஜூன் மாதம் நினைத்திருந்தேன்.

படிப்பகம் மாலை 4 முதல் 8 வரை திறந்திருக்கும். திங்கட்கிழமை ஆள் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
செயலாளர்