கூலி நோட்டையும் ஆய்வு செய்யட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விருதுநகர் மாவட்டப் பட்டாசு ஆலைகளில் விபத்து நேரும்போது, உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்ற முதல் கேள்விக்கே பல நேரங்களில் உடனடியாகப் பதில் கிடைப்பதில்லை. 5.9.2012 அன்று முதலிப்பட்டியில் பெரும் உயிரிழப்பு நேர்ந்த ஆலை, உரிமம் தற்காலிகமாக ரத்து செய்யப்பட்ட பிறகும் இயங்கிக்கொண்டிருந்தது. 12.2.2021 அன்று 20க்கும் மேற்பட்டோர் இறந்த அச்சங்குளம் ஆலையோ குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. உள்குத்தகைக்குப் போன அறைகளில் வேலை செய்வோரின் பெயர் உரிமதாரரின் பதிவேட்டில் ஏறுவது அரிது.

எத்தனை பேர் வேலை செய்யலாம், எவ்வளவு வெடிமருந்து வைத்திருக்கலாம் என்பதற்கெல்லாம் வெடிபொருள் விதிகளிலும் உரிமத்திலும் வரம்பு உண்டு. வருகைப் பதிவேடு அந்த வரம்பைத் தாண்டுவதே இல்லை. மாதம் முழுவதும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், அடித்தல் திருத்தலின்றி இருக்கும் பதிவேட்டைக் கண்டால் எனக்குச் சந்தேகமே வரும். ஆனால் துண்டுக் கணக்கில் கூலி தரும் இடங்களில், யார் எவ்வளவு வேலை முடித்தார் என்று குறிக்கும் நோட்டில் பொய் எழுத முடியாது. எழுதினால் சம்பளப் பட்டுவாடாவின்போதே தகராறு வந்துவிடும். ஆகவே ஆய்வுக்கு வரும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக அதிகாரிகள், குறிப்பாகத் தீபாவளிக்கு முந்தைய மாதங்களில், அந்த நோட்டைக் கேட்டு வாங்கி வருகைப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும்.

மருந்து இருப்புக் கணக்கும் இப்படித்தான். அலுமினியப் பொடி சேர்ந்த சில கலவைகள் ஈரம்பட்டால் தாமாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியவை என்பதால், கலந்த மருந்தை மறுநாளைக்கு மிச்சம் வைப்பது ஆபத்து. எனவே மாலையில் எஞ்சியது எவ்வளவு, அதை எப்படி அழித்தார்கள் என்பதைப் போர்மேன் அன்றன்றே எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

பதிவேட்டில் பெயர் இல்லாததன் சுமை கடைசியில் குடும்பத்தின் தலையில் விழுகிறது. அரசின் நிவாரணத் தொகை ஒருமுறைதான் வரும்; இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு வழியாக மாதந்தோறும் வரவேண்டிய சார்ந்தோர் உதவித்தொகைக்கோ, இறந்தவர் அங்கே வேலை பார்த்தவர் என்பதையே நிரூபித்தாக வேண்டும். பதிவேடும் ஆலையோடு எரிந்துபோனால் அதற்கும் வழியில்லை. காலை வேலை தொடங்குமுன் வருகைப் பக்கத்தைச் செல்பேசியில் படமெடுத்து தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஆணையிட்டால், ஆலைகளுக்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர்,
சாத்தூர்.