கொடி பிடித்து நின்ற தம்பிகளுக்கும் நம் ஊராருக்கும் நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். காலில் வைத்த தகடு சரியாக உட்கார்ந்திருக்கிறது, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதும் ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துவிட்டோம். நடக்க நாளாகும். ஆனால் பேசுகிறார், சாப்பிடுகிறார், அண்ணி வைத்த ரசத்தில் புளி தூக்கல் என்று குறை சொல்கிறார். அந்தக் குறையைக் கேட்டுவிட்டு அண்ணி அடுப்படியில் நின்று அழுதார். இனி அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று எங்களுக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

ஊரே போன் செய்து விசாரிக்கிறது. ஒவ்வொருவரிடமும் வாய் நிறைய நன்றி சொல்ல ஆசைதான். பேசத் தொடங்கினால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திர தின ஊர்வலத்தில் நடந்தது சுங்கை சிப்புட்டில் யாருக்கும் தெரியாததல்ல. அதை மறுபடி விவரிக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மா ஏறியிருந்த அலங்கார லாரிமேல் சுற்றிக்கொண்டிருந்த மேடை, அதன் சங்கிலி, அம்மாவின் சேலை. அதற்குமேல் வேண்டாம்.

சத்தம் கேட்ட அந்த நொடியே லாரியை நிறுத்தி, சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்ட டிரைவர் அண்ணனுக்கு நன்றி. கடையை அப்படியே போட்டுவிட்டு இரும்பு வெட்டும் பெரிய கட்டரோடு ஓடிவந்த ஹார்ட்வேர் கடை அங்கிளுக்கும், வேடிக்கை பார்க்க வந்த இடத்தில் அம்மாவின் நாடியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை பக்கத்திலேயே மண்டியிட்டிருந்த நர்ஸ் மிஸ்ஸிக்கும், லாரிமேல் அலறிக்கொண்டிருந்த தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை இறக்கி, எதிரே இருந்த கோப்பிக் கடைக்குள் அழைத்துப்போய் மைலோ வாங்கிக் கொடுத்து அமர்த்திய டீச்சர்களுக்கும் நன்றி. வழிவிட்டு நிறுத்திய போலீஸ்காரர்கள், ரேலா தொண்டர் படை உறுப்பினர்கள், அவசரப்படாமல் ஒவ்வொரு கம்பியாகப் பார்த்து வெட்டிய பொம்பா (தீயணைப்பு) வீரர்கள், ஆம்புலன்ஸில் வந்தவர்கள், ஆஸ்பத்திரியில் அறுவை செய்தவர்கள், இரவில் திருப்பிப் படுக்க வைத்தவர்கள், ரத்தம் கொடுக்க ஈப்போவரை வந்த தோட்டத்துச் சொந்தங்கள், கோயிலில் அர்ச்சனை வைத்தவர்கள், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் தூக்குச்சட்டியோடு வந்து நின்ற பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் கும்பிடு. யார் பெயராவது விடுபட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மடலில் நான் முக்கியமாகத் தேடுவது, எங்களுக்குப் பெயர்கூடத் தெரியாத சில பையன்களை.

அன்று காலை ஊர்வலத்துக்குப் பின்னாலேயே மோட்டார்சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்களே, அவர்கள்தான். மலாய்ப் பையன்கள், நம் பையன்கள், ஒரு சீனப் பையன், எல்லோரும் கலந்திருந்தார்கள். பதினேழு பதினெட்டு வயது இருக்கும். சைலன்சரை முறுக்கிக்கொண்டு போகும்போது நம்மில் பலர் முகம் சுளிக்கிற வகைப் பையன்கள்தான். ஒருவன் வண்டிக்குப் பின்னால் மூங்கில் கழி கட்டி, அதில் போர்வை அகலத்துக்கு ஒரு ஜாலோர் கெமிலாங், நம் மலேசியக் கொடி, பறக்கவிட்டிருந்தான். பேராக் கால்பந்து அணியின் மஞ்சள் ஜெர்சி போட்டிருந்தான். அவனைப் பற்றி எனக்கு இவ்வளவுதான் நினைவிருக்கிறது.

பொம்பாக்காரர் அம்மாவைக் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: சிக்கிய காலை வெளியே எடுக்க வேண்டுமென்றால் சேலையையும் உள்பாவாடையையும் வெட்டித்தான் ஆகவேண்டும். உயிர் பெரிதா துணி பெரிதா, வெட்டுங்கள் என்றேன். ஆனால் சொல்லும்போதே உடம்பு நடுங்கியது. நடுரோடு, பட்டப்பகல், இரண்டு பக்கமும் ஊர் ஜனம். அதில் பாதிப் பேர் கையில் போன், எல்லாப் போனும் எங்களைப் பார்த்து உயர்ந்திருந்தது.

என் அம்மாவைத் தெரிந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ரப்பர் மரம் சாய்த்துச் செம்பனை நடும்வரை பால் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்று விடியாத இருட்டில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போவார். கைலி, அதன்மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, நெற்றியில் விளக்கு. கொசுக்கடியோ மழையோ, ரப்பர் மர நிரையில் நிற்கும்போதும் அந்தச் சட்டையின் கழுத்துப் பொத்தான் கழன்று நாங்கள் பார்த்ததில்லை. ஸ்டோரில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு வந்து, குளித்துச் சேலை கட்டிய பிறகுதான் வாசலில் யாரோடும் பேசுவார். அன்று மெர்டேக்கா என்பதால் புதுச் சேலை கட்டி, அதன்மேல் அந்தப் பழைய பால்வெட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு லாரியில் ஏறியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் மஞ்சள் ஜெர்சிப் பையன் ஓடிவந்தான். அம்மா பக்கத்தில் குனிந்து, பாட்டி பயப்படாதீங்க என்று மலாயில் ஏதோ சொன்னான். கழியிலிருந்து கொடியை அவிழ்த்து வந்திருந்தான். நான்கு முனையையும் நான்கு பேரிடம் கொடுத்து, "பூசிங்! பூசிங்!" என்றான். கொடியைப் பிடித்திருந்த பையன்கள் அத்தனை பேரும் அம்மாவுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றார்கள். கொடி பற்றாத பக்கம் மற்றவர்கள் ஜாக்கெட்டைக் கழற்றி விரித்தார்கள். அப்புறம் அவன் கூட்டத்தைப் பார்த்து, "போன் சிம்பான்!" என்று கத்தினான். அதட்டல்கூட இல்லை, கெஞ்சல் மாதிரி இருந்தது. முன்னால் நின்றவர்கள் போனை இறக்கினார்கள். அவர்களைப் பார்த்துப் பின்னால் நின்றவர்களும் இறக்கினார்கள்.

வெட்டி முடிக்க வெகுநேரம் ஆனது. இரும்புச் சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடிந்தது. அத்தனை நேரமும் அந்தக் கைகள் மேலேயே இருந்தன. காற்று அடித்துத் துணி வயிற்றுப் பக்கம் அழுந்தியபோது ஒரு பையன் முழங்கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டான். கை நடுங்கத் தொடங்கியவனிடமிருந்து இன்னொருவன் முனையை வாங்கிக்கொண்டான். கொடி தரையில் படக்கூடாது என்பது பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். அந்தப் பரபரப்பிலும் சீனப் பையன் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, தொங்கிய ஓரத்தைத் தன் தொடைமேல் மடித்து வைத்திருந்தான். நான் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்ததால் இதெல்லாம் கண்ணுக்கு நேரே தெரிந்தது. ஒருவன்கூட, ஒரே ஒரு தடவைகூட, உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகும் அவர்கள் விடவில்லை. கொடியோடு இரண்டு பக்கமும் பக்கவாட்டாக நடந்து ஆம்புலன்ஸ் கதவுவரை வந்தார்கள். கதவு சாத்தியதும் நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மஞ்சள் ஜெர்சி கொடியை மடித்துக்கொண்டிருந்தான். அதோடு சரி.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்த பிறகு அம்மா கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "அந்தப் பசங்க சாப்பிட்டாங்களா?" அப்புறம் ஒரு நாள் தானாகவே சொன்னார். "மேல பார்த்தா செவப்பும் வெள்ளையும்தான் தெரிஞ்சுது. ஜனமே தெரியல. வலி தாங்கல, கோட்டை எண்ணிக்கிட்டே படுத்திருந்தேன். பதினாலு கோடு. முடிஞ்சதும் மறுபடி மொதல்ல இருந்து." காலமெல்லாம் நிரையில் மரம் எண்ணிப் பழகியவர், அன்று ரோட்டில் கிடந்தபடி கோடு எண்ணியிருக்கிறார். அந்த 14 கோடுகளும் மாநிலங்களையும் கூட்டரசையும் குறிப்பவை என்று நாம் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறோம். எங்கள் வீட்டில் இனி அவை என் அம்மாவின் மானத்தைக் காத்த கோடுகள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைய விபத்தைப் பற்றி எத்தனையோ படங்கள் சுற்றின. லாரி, சாய்ந்த அலங்கார மரம், ஓடுகிற கூட்டம். அம்மா கிடந்த கோலம் மட்டும் ஒரு படத்திலும் இல்லை. இந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு நிறைகிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன்: எங்கேயாவது யாராவது விழுந்து கிடந்தால் போனைப் பையில் போடு, மறைக்க ஒரு துணி தேடு, முதுகைக் காட்டி நில். நானும் என் அண்ணனும் அம்மா தலைமாட்டில் நின்று இதையே எங்களுக்கும் சத்தியமாக எடுத்துக்கொண்டோம்.

அடுத்து, அந்த அலங்கார லாரியைச் செய்த நம் தோட்டத்து இளைஞர்களுக்கு. உங்களில் சிலர் எங்கள் தெருப் பக்கமே வராமல் சுற்றிப் போவதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள்மேல் எங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த ரப்பர் கன்றுகளை 1877-இல் கோலகங்சாரில் நட்டார்கள் என்பதும், அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது என்பதும் நம் பிள்ளைகள் எத்தனை பேருக்குத் தெரியும்? நீங்கள் அந்த மரத்தைப் போய்ப் பார்த்து வந்து, மூங்கிலும் கோழிவலையும் பழைய பேப்பரும் வைத்து அதே மாதிரி எழுப்பினீர்கள். லாரியின் பக்கப் பலகையில் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த துன் சம்பந்தனின் படம் வரைந்து, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க 1960-இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றி எழுதினீர்கள். அவர் பிறந்த ஊரில் அதைச் சொல்ல இத்தனை வருஷத்தில் உங்களுக்குத் தோன்றியதே.

வேலை நடந்த கோயில் கொட்டகைக்கு அம்மா தினமும் வந்து உட்கார்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெட்டுக்கோட்டை நீங்கள் வலது மேலிருந்து இடது கீழாக வரைந்திருந்தீர்கள். அம்மா பார்த்துவிட்டு, "அப்படி வெட்டுனா பால் வராதுப்பா, எடது மேல இருந்து வலது கீழ எறங்கணும்" என்றார். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் கொஞ்சம் சாய்ந்திருப்பதால், அந்தப் பக்கம் சாய்த்து வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபடும். இதைப் புத்தகத்தில் படித்தவரில்லை அவர், கையே அவருக்குச் சொன்னது. நீங்கள் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் பெயிண்டைச் சுரண்டிவிட்டு மறுபடி வரைந்தீர்கள். வெள்ளைப் பால் சொட்டவேண்டும் என்று அரிசி மாவு கரைத்து ஊற்றி, பால் பிடிக்கும் நிஜ மங்கு தேடிக் கட்டினீர்கள். தன் வேலையை யாரோ இவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள் என்று அம்மா அன்று இரவு வெகுநேரம் தூங்காமல் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தவர்கள் நீங்கள். நடந்த விபத்து அதை அழித்துவிடாது.

வெல்டிங் செய்த தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்து வார்டு வாசலிலேயே நின்றுவிட்டுப் போனது எங்களுக்குத் தெரியும். கடைசியில் அம்மாவே ஆள் விட்டு உள்ளே கூப்பிட்டார். அவன் காலைத் தொட்டுக் கும்பிட வந்தபோது, "கட்டுப்போட்ட காலு, தொடாதே சாமி" என்று சொல்லிவிட்டு, மங்கு எத்தனை மிச்சம் இருக்கிறது, பத்திரமாக எடுத்து வைத்தாயா என்று கேட்டார். அடுத்த வருஷம் வேண்டுமாம். மேடை சுற்றாமல் நிலையாக இருக்கட்டும், மரம் மட்டும் அதே மரமாக இருக்கட்டும் என்கிறார். செலவில் எங்கள் குடும்பத்தின் பங்கு உண்டு. இதை ஊரறியச் சொல்லிவைக்கிறேன்.

இனி அந்த மோட்டார்சைக்கிள் தம்பிகளுக்கு. நீங்கள் தமிழ் படிக்காவிட்டாலும், உங்களோடு இருந்த நம் பையன்கள் யாராவது இதைப் படித்துச் சொல்வீர்கள் என்று நம்புகிறேன். உங்களை விசாரித்துக் கண்டுபிடிக்க எங்களுக்கு வழி தெரியவில்லை, போலீஸில் போய்க் கேட்டால் வேறு எதற்கோ என்று நீங்கள் பயந்துவிடுவீர்கள். அதனால் இப்படிக் கூப்பிடுகிறோம். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் வழக்கம்போலத் திறந்த இல்ல உபசரிப்பு உண்டு. பழைய தோட்டத்துக் கோயிலுக்கு வந்து, மெர்டேக்கா லாரிப் பாட்டி வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். அம்மா எழுந்து நடப்பாரோ இல்லையோ, முறுக்கு மாவைத் தன் கையால்தான் பிசைவேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். அத்தனை பேரும் வாருங்கள். உங்கள் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமாம் அவருக்கு. வாசலில் வண்டி நிறுத்த இடம் நிறைய இருக்கிறது.

நன்றியுடன்,
பாட்டியின் மகள்
சுங்கை சிப்புட்