லென்ஸ் வாங்குவதற்கு முன்னால் ஒரு கோப்பை வரைந்து பார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் போடாததற்குப் பாதிக் காரணம் சோம்பல்தான், மீதிப் பாதி நீ கேட்ட கேள்வி. கேமரா வாங்கி ஒரு வருஷமாகியும் படமெல்லாம் தட்டையாக வருகிறது, ஆட்களை எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரிகிறது, அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். எந்த லென்ஸும் வாங்காதேடா. ஒரு பென்சிலை எடுத்து உன் மேஜை மேல் இருக்கிற கோப்பையை வரை. நிஜமாகத்தான் சொல்கிறேன், கிண்டலுக்கு இல்லை.

நான் இப்போது வரையக் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குச் சொன்னேனா? பள்ளிக்கூடத்தில் நான் வரைந்த தவளையைப் பார்த்து "இது என்னடா, தலையணையா?" என்று கேட்டாயே, அதற்கப்புறம் பென்சிலைத் தொடவே இல்லை. இத்தனை வருஷம் கழித்து ஒரு கோப்பையில் ஆரம்பித்தேன். வாய்ப்பக்கத்துக்கு ஒரு நீள்வட்டம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கோடு, அடிப்பக்கத்துக்கு நேராக ஒரு கோடு. ஏதோ இடிக்கிறது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. மேஜை சமமாக இருக்கிறது, கோப்பை அதன் மேல் சமமாக உட்கார்ந்திருக்கிறது என்று மனசுக்குத் தெரியும், அதனால் கண் பார்த்ததை விட்டுவிட்டு, மனசுக்குத் தெரிந்ததைக் கை போட்டுவிடுகிறது. கடைசியில் ஒரு கண்ணாடிக் குவளையைக் கையில் பிடித்து, அதன் வாய் கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி தூக்கிப் பார்த்தேன். வாய் ஒரே கோடாகிவிட்டது. மெல்ல இறக்க இறக்க அது திறந்துகொண்டே வருகிறது, அடிப்பக்கம் கண் மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால் வாயைவிட அதிகமாகத் திறந்திருக்கிறது. அதாவது நான் நேர்கோடு போட்ட இடத்தில்தான் அதிக வளைவு இருக்க வேண்டும்! இதைக் கண்ணால் பார்த்தபிறகும் கைக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது. நீள்வட்டத்தின் இரண்டு ஓரமும் இலை நுனி மாதிரி கூராகிவிடும் வியாதி தனி, அது இன்னும் முழுசாகப் போகவில்லை.

கோட்டிலாவது தப்பு தெரியும். வெளிச்சத்தில் கண் நம்மை ஏமாற்றுவது தெரியவே தெரியாது. எட்வர்ட் அடெல்சன் என்பவர் 1995இல் உருவாக்கிய ஒரு படம் இருக்கிறது, நீயும் பார்த்திருப்பாய்: சதுரங்கப் பலகை, அதன் மேல் ஒரு உருளையின் நிழல். நிழலுக்கு வெளியே ஒரு கறுப்புக் கட்டம், நிழலுக்குள் ஒரு வெள்ளைக் கட்டம், இரண்டும் ஒரே சாம்பல் நிறம். நான் நம்பவில்லை. கம்ப்யூட்டரில் திறந்து, நிறம் எடுக்கும் கருவியை வைத்து இரண்டையும் தொட்டுப் பார்த்தேன், ஒரே எண். அந்த ஜோரில் வீட்டில் எடுத்த ஒரு முகத்தின் படத்தையும் திறந்து கண்ணின் வெள்ளையைத் தொட்டேன். நெற்றியைவிட அது கறுப்பு. இத்தனை நாளும் நான் வரைந்த முகங்களின் கண்கள் ஏன் பேய் முழிப்பாக இருந்தன என்று அன்றைக்குத்தான் விளங்கியது, பளிச்சென்று வெள்ளையை விட்டுவைத்திருந்தேன். இதற்கு வைத்தியம் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பது. சின்னச் சின்ன விவரமெல்லாம் கரைந்துபோய், எது வெளிச்சம் எது நிழல் என்று இரண்டே கூட்டமாகப் பிரியும். நிழலுக்குள்ளேயும் மேஜையிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் திருப்பி அடிக்கும், அது எத்தனை பளிச்சென்று தோன்றினாலும் வெளிச்சப்பக்கத்தை மிஞ்ச விடாதே. மிஞ்சினால் கோப்பை உடனே தட்டையாகிவிடும்.

தட்டை என்றதும் உன் படங்களுக்கு வருகிறேன். நீ அனுப்பிய ஆறு படத்தில் நான்கு, கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷ் போட்டு எடுத்தவை. வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே நேராகப் போனால், விழுகிற நிழலெல்லாம் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நிழல் இல்லாத முகம் தட்டையாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? ஃபிளாஷை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஆளை உட்கார வை, அவ்வளவுதான். வெள்ளைச் சுவர் அழுக்காக வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், அதில் உன் தப்பு எதுவும் இல்லை. எதைப் பார்த்தாலும் சராசரியாக நடுச் சாம்பல் என்றுதான் கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எடுத்துக்கொள்ளும், வெள்ளைச் சுவரையும் சாம்பலாக்கும், கறுப்புப் பூனையையும் சாம்பலாக்கும். சுவருக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குள் விடும் வெளிச்சத்தை, ஒரு படி கூட்டு, பூனைக்கு ஒரு படி குறை. லென்ஸின் துளை அளவைச் சொல்லும் அந்த 2.8, 4, 5.6, 8 என்கிற விசித்திர எண்களை மனப்பாடம் பண்ண வேண்டாம். ஒவ்வொரு படிக்கும் துளையின் பரப்பு பாதியாகிறது, உள்ளே வரும் வெளிச்சமும் பாதி, அது தெரிந்தால் போதும்.

மூக்கு விஷயத்துக்கும் லென்ஸைக் குறை சொல்லாதே. நீ முகத்துக்கு இரண்டடியில் நிற்கிறாய், அவ்வளவு கிட்டத்தில் மூக்குக்கும் காதுக்கும் உள்ள சில அங்குலம் பெரிய வித்தியாசம். ஆறடி தள்ளி நின்று ஜூம் செய், மூக்கு தன் அளவுக்குத் திரும்பிவிடும். கோப்பை வரையும்போது கைப்பிடி என் பக்கம் திரும்பியிருந்தால் அது ஏன் பூதாகாரமாகத் தெரிகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டேனே, அதே கணக்கு. இதனால்தான் பென்சிலை எடு என்கிறேன். கேமரா ஒரு நொடியில் எடுத்துத் தந்துவிடுகிறது, நமக்குப் பார்க்க நேரமே இல்லை. பென்சில் அரை மணி நேரம் உட்கார வைக்கும்.

அப்புறம், கம்ப்யூட்டரில் வரைய நான் ஒரு டேப்லெட்டும் வாங்கினேன், திரை இல்லாத வெறும் பலகை வகை. கை இங்கே, கோடு அங்கே, முதல் வாரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வண்டியைப் பின்னால் எடுப்பது போலத்தான். க்ரிட்டா என்கிற இலவச மென்பொருளில் வரைகிறேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் மாதிரி லேயர் என்ற ஒன்று பெரிய சௌகரியம், கோடு மேலே, நிறம் கீழே, நிழலுக்கு, கீழே இருக்கும் நிறத்தை அப்படியே கருமையாக்கும் மல்டிப்ளை என்று ஒரு லேயர், ஒரே நிறத்தைத் தடவினால் சட்டை, முடி, கை எல்லாவற்றின் மேலும் நிழல் ஒன்றுபோல் விழுகிறது. போட்டதை உடனே நீக்கிவிடும் அன்டூ மட்டும் விஷம். ஒரே கோட்டை முப்பது தடவை அழித்து அழித்துப் போட்ட ஒரு ராத்திரிக்குப் பிறகு, முதல் ஸ்கெட்ச் முடியும்வரை அதைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். இன்னொரு கூத்து: ஆசையாக வரைந்த முதல் படத்தை ஏ4 தாளில் அச்சடித்தால் ஒரே மங்கல். நான் திறந்திருந்த கேன்வாஸ் 800 பிக்சல், அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) என்று அச்சடிக்க அந்தத் தாளுக்கு 2480க்கு 3508 பிக்சல் வேண்டுமாம். படம் முடிந்தபிறகா இது தெரிய வேண்டும்!

ஒன்று கேள். புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஃபாக்ஸ் டால்பாட் 1833 அக்டோபரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் உட்கார்ந்து, எதிரே இருக்கும் காட்சியைத் தாளின் மேல் தெரியவைத்து வரைய உதவும் கேமரா லூசிடா என்ற கருவியை வைத்துக்கொண்டும் வரைய வராமல் நொந்துபோனார். அந்தக் காட்சி தானே தாளில் பதிந்துவிட்டால் என்ன என்று யோசித்தவர், 1835இல் தன் வீட்டு ஜன்னலை நெகட்டிவாகவே எடுத்துவிட்டார். ஆக, வரைய வராதவர்தான் நம் கட்சிப் பெரிய மனிதர்.

ஒரு பத்துக் கோப்பையாவது வரைந்து அனுப்பு, சகிக்காததையும் சேர்த்து. என்னுடைய நாற்பத்தோராவது கோப்பையை இத்துடன் வைத்திருக்கிறேன். கைப்பிடி கோணல் என்பது எனக்கே தெரியும், அதைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம்.

உன்,
தலையணைத் தவளைக்காரன்