இன்னும் அந்தக் கருப்புத் திரையா என்று கேட்டாயே

கோயம்புத்தூர்
7.12.2025

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. அம்மாவுக்கு இடது கண்ணில் புரை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க அலைந்ததில் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. 17ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்துக் காட்டினேன். "இனிமேலாவது அவன் நிம்மதியாகத் தூங்கட்டும்" என்றாள் அம்மா.

தீபாவளிக்கு வந்தபோது என் மேசையில் கருப்புத் திரையில் வரிவரியாக எழுத்து ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "கல்லூரி லேபில் பார்த்த ஐஆர்சி இன்னுமா இருக்கிறது? இதில் என்ன கிடைக்கிறது உனக்கு?" என்று கேட்டாய். வீடு நிறைய உறவினர்கள் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். ஐஆர்சி என்பது இணையத்தில் பலர் கூடி எழுத்தாலேயே உரையாடும் அரட்டை முறை; அதில் ஒவ்வொரு அரட்டை அறைக்கும் சேனல் என்று பெயர்.

பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் 1988 ஆகஸ்டில் யார்க்கோ ஓய்காரினென் இதை எழுதினார். அவர் தந்தது ஒரு கம்பெனியை அல்ல, ஒரு பேச்சு முறையை. செய்திகளை வாங்கி அனுப்பும் கணினியான சர்வரும் நம் கணினியும் என்னென்ன சொல்லிக்கொள்ள வேண்டும் என்ற விதிகள் 1993இல், இணைய விதிகளுக்கான ஆர்எஃப்சி என்ற ஆவண வரிசையில், 1459 என்ற எண்ணோடு பொதுவில் வெளியாயின. அதைப் படித்து யார் வேண்டுமானாலும் புதிய சர்வர் எழுதலாம், நடத்தலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நான் இத்தனை ஆண்டுகள் இதைவிட்டு நகராமல் இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

2021 மே மாதம் என்ன நடந்தது தெரியுமா? யாரும் எடுத்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளை எழுதுபவர்கள் பெரும்பாலும் கூடியிருந்த இடம் ஃப்ரீநோட் என்ற வலையமைப்பு. அது யார் கையில் இருப்பது என்பதில் தகராறு வந்தது. சம்பளமில்லாமல் அதைக் கட்டிக் காத்த தொண்டர்கள் மொத்தமாக விலகி, லிபெரா சாட் என்ற புதிய வலையமைப்பைத் தொடங்கினார்கள். உபுண்டு என்ற இயங்குதளம், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா ஆகியவற்றின் சேனல்களெல்லாம் சில நாட்களிலேயே அங்கே குடிபெயர்ந்தன. நான் செய்ய வேண்டியிருந்தது என்ன? அமைப்புக் கோப்பில் சர்வர் பெயர் இருந்த ஒரு வரியை மாற்றினேன், என் புனைபெயரை மறுபடி பதிவு செய்தேன். மென்பொருள் அதேதான், சேனலின் பெயரும் அதேதான். உள்ளே போனால் அதே மனிதர்கள், முந்தின நாள் பாதியில் விட்ட பேச்சைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை உனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரே கம்பெனியின் கையில் இருந்தவற்றைப் பார்: யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையில் நின்றது. ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. அந்த மென்பொருளை நீ பத்திரமாக வைத்திருந்தாலும் அதை எதோடு இணைப்பாய்?

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நம் பேராசிரியர் மறைந்த செய்தி எனக்குப் பதினொரு நாள் கழித்துத்தான் தெரிந்தது. நம் வகுப்பின் கைப்பேசிக் குழுவில் யாரோ அன்றே போட்டிருக்கிறார்கள். காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் அடியில் அது போய்விட்டது. அவர் வீட்டுக்குப் போய் அம்மையாரிடம் ஒரு வார்த்தை பேசமுடியாமல் போனது இன்றும் உறுத்துகிறது.

ஐஆர்சியில் ஒவ்வொரு சேனலுக்கும் உச்சியில் ஒரு தலைப்பு வரி உண்டு. உள்ளே நுழையும் எவர் கண்ணிலும் முதலில் படுவது அதுதான். போன ஆண்டு எங்கள் சேனலில் ஒருவர் இறந்துபோனார். பதினைந்து ஆண்டுப் பழக்கம், ஆனால் நான் முகம் பார்த்ததில்லை, குரலும் கேட்டதில்லை. ஒரு மாதம் முழுக்க அந்தத் தலைப்பு வரியில் அவருடைய புனைபெயரும் ஒரு வாக்கியமும் மட்டுமே இருந்தன. நாள்தோறும் உள்ளே வரும்போது அதைப் படித்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினோம்.

அங்கே ஒரு பழக்கம் உண்டு: கேட்கலாமா என்று கேட்காதே, நேரே கேள், கேட்டுவிட்டு ஓடிப்போகாமல் காத்திரு. பள்ளிக்கூடத்துக்காக நான் சீர்செய்த பழைய மடிக்கணினியில் டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டபோது வைஃபை வேலை செய்யவில்லை. இரவு பத்து மணிக்கு டெபியன் சேனலில் கேட்டேன். இரண்டு மணிக்கு எங்கோ கண்விழித்த ஒருவர் இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தார். காலையில் பிள்ளைகள் அதில் படம் வரைந்தார்கள். வெறும் எழுத்துதான் என்பதால் எவ்வளவு மோசமான இணைப்பிலும் அது போய்ச் சேரும். அக்டோபர் மழையில் எங்கள் தெருக் கேபிள் அறுந்து, கைப்பேசியில் ஒரு கோடு சிக்னல் மட்டும் இருந்தபோதும் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

குறையில்லாமல் இல்லை. நீ இணையாத நேரத்தில் மற்றவர்கள் பேசியதை அது உனக்காக எடுத்துவைக்காது; அதற்கென்று இடையில் வேறொரு மென்பொருளை ஓடவிட வேண்டும். ஒரு செய்தி, அனுப்புபவர் விவரத்தோடு சேர்த்து, 512 பைட்டைத் தாண்டக் கூடாது. பைட் என்பது கணினியின் அளவு; ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கு இது கொடுமை. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் நம் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் 'தமிழ்' என்று எழுதினாலே பதினைந்து. இருபது சொல் தேறுவதற்குள் வரி அறுந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அதே இடத்தில் ஒரு பத்தி அடங்கும். இதை நான் அங்கேயே பலமுறை சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். புதியவர்களுக்கு நுழைவாசல் கடினம் என்பதும் உண்மை. ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லா அந்தக் காரணத்தையும் சொல்லித்தான் 2020இல் தன் ஐஆர்சி சர்வரை மூடி மேட்ரிக்ஸ் என்ற வேறொரு அரட்டை முறைக்குப் போனது. அவர்கள் முடிவைத் தவறென்று சொல்லமாட்டேன்.

சில இரவுகளில் சர்வர்களுக்கிடையே ஓர் இணைப்பு அறுந்து, சேனலில் பாதிப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறையும். சர்வர்கள் மரக்கிளைபோல் பிணைந்திருப்பதால் ஒரு கிளை முறிந்தால் அதிலிருந்த அத்தனை பேரும் போய்விடுவார்கள். அவர்கள் பக்கத்தில் நாம் மறைந்திருப்போம். பிறகு இணைப்பு சேர்ந்ததும் எல்லாப் பெயர்களும் திரும்பிவரும். இருபது ஆண்டாகப் பார்க்கிறேன், பெயர்கள் திரும்பும் அந்தக் கணம் எனக்கு அலுக்கவே இல்லை.

உனக்காக ஒரு சேனல் திறந்துவைத்திருக்கிறேன். அதன் பெயர் நம் விடுதி அறை எண். மென்பொருள் ஏற்றும் வழியைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு மேல் நான் அங்கே இருப்பேன். 17ஆம் தேதி ஆஸ்பத்திரியில் இருப்பேன், அன்று தொலைபேசியில் கூப்பிடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்