வலங்கைமான் மாமாவுக்கு ஒரு எஞ்சின் கடிதம்

டொலீடோ, ஒஹாயோ

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அத்தை, பாப்பா, அம்மா எல்லாரும் சௌக்கியம்தானே? மேட்டூர் திறந்தாயிற்று என்று தம்பி போனில் சொன்னான். குடமுருட்டியில் தண்ணீர் தலைகாட்டியதா, இல்லை இன்னும் போர் தண்ணீரில்தான் குறுவை நாற்றங்கால் ஓடுகிறதா?

வேலை எப்படி, குளிர் எப்படி என்று எல்லாரும் கேட்கிறார்கள். வேலை பழகிவிட்டது, குளிர் பழகவில்லை. நீங்கள் ஒருத்தர்தான் "அங்கே பட்டறையெல்லாம் எப்படிடா?" என்று கேட்டீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நம் கடைத்தெருப் பட்டறை மாதிரி இங்கே நான் பார்க்கவில்லை மாமா. சின்ன எஞ்சினைப் பழுது பார்க்கக் கொடுத்தால் மணிக்கணக்கில் கூலி போடுகிறார்கள். கூட்டிப் பார்த்தால் புது எஞ்சின் விலையைத் தாண்டிவிடும். அதனால் காரை வெளியே நிறுத்திவிட்டு, கார் ஷெட்டில் ஸ்பானர் செட்டை மாட்டி வைத்திருக்கிறார்கள். டாக்டர், வக்கீல் கூட ஞாயிற்றுக்கிழமை கையில் கிரீஸோடுதான் திரிகிறார்.

பக்கத்து வீட்டில் ஒரு பழைய கோ-கார்ட். இரும்புக் குழாயில் சட்டம், நாலு சின்னச் சக்கரம், சீட்டுக்குப் பின்னால் எஞ்சின். ஸ்பிரிங் இல்லை, கியர் பெட்டி இல்லை. 1956-ல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் புல் வெட்டும் மெஷின் எஞ்சினை வைத்து ஆரம்பித்த சமாச்சாரம் இது. அந்த வீட்டுப் பையனுக்குப் பதினாலு வயது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலி கண்டதுதான் மிச்சம். நான் ஒரு இழுப்பு இழுத்தேன்; கை சும்மா வந்தது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றழுத்தம், துளிகூட இல்லை. ஹெட்டைக் கழற்றினால், வால்வு இரண்டும் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஹெட் என்பது வெறும் மூடி. புகை போகிற எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் சீட் தின்றுபோயிருந்தது. "எஞ்சினையே மாத்திடலாம்" என்றேன்.

புதிதாக வந்தது ஹோண்டா ஜிஎக்ஸ்200. 196 சிசி, சிலிண்டர் விட்டம் (போர்) 68 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் (ஸ்ட்ரோக்) 54. நம்மூர் களையெடுக்கும் மெஷினில் இருக்கிறதே, அந்த வம்சம்தான். நான் அசந்துபோனது இதில்தான்: பழைய எஞ்சின் வேறு கம்பெனி, வேறு காலம், ஆனால் ஷாஃப்ட் அதே முக்கால் அங்குலம், கிளட்ச் வழுக்காமல் சாவி செருகும் காடியும் அதே அளவு. பழைய கிளட்ச் அப்படியே ஏறிவிட்டது. நம்மிடம் என்றால் லேத்துக்காரரிடம் புஷ் கடையச் சொல்லி இரண்டு நாள் வாசலில் நின்றிருப்போம்.

இடித்தது வேறு இடத்தில். இந்த எஞ்சினில் சிலிண்டர் 25 டிகிரி சாய்ந்திருக்கும். டேங்க் சீட்டில் முட்டியது. அடித்தட்டின் ஓட்டைகளை அரத்தால் நீளவாக்கில் ராவி, எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளினேன். அதனால் செயினில் கண்ணி குறைக்க வேண்டியதாயிற்று. செயின் லாக் போடும்போது கிளிப்பின் வாய் ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கம் இருக்கணும் என்று பையனுக்குக் காட்டினேன். கிளட்ச் பல்லும் அச்சுப் பல்லும் நேரில் இருக்கிறதா என்று பார்க்க, நீங்கள் பம்புக்கும் எஞ்சினுக்கும் பெல்ட் போடும்போது பிடிப்பீர்களே, அதே மாதிரி நூல் பிடித்தேன். பையனின் அப்பா லேசர் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். நூல் சொன்னதைத்தான் அதுவும் சொன்னது.

புது எஞ்சின் ஆயில் ஊற்றாமல்தான் பெட்டியில் வருகிறது. 0.6 லிட்டர் ஊற்றினோம். ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனைப் பிடித்திருக்கும் ராடின் அடியில் ஒரு நாக்கு ஆயிலை வாரி இறைத்துக்கொள்கிறது. கிளட்ச் சுழற்சி வேகத்தில் தானாகப் பிடிக்கிற ரகம்: ஐடிலில் எஞ்சின் ஓடும், வண்டி நகராது. ஆக்ஸிலேட்டர் மிதித்தால் உள்ளே ஷூ விரிந்து டிரம்மைக் கவ்வும்.

ஓடிய உடனே பையன் கேட்ட முதல் கேள்வி, "கவர்னரைக் கழற்றிடலாமா?" அது எஞ்சின் வேகத்தை நிமிஷத்துக்கு 3600 சுற்றை ஒட்டிக் கட்டிப்போட்டுவிடுகிறதாம், வீடியோவில் எல்லாரும் கழற்றுகிறார்களாம். முடியாது என்றேன். வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் அதற்கு மேல் வேகத்துக்குச் செய்ததில்லை. வெடித்தால் துண்டு வந்து விழும் இடம் அவன் முதுகு. முறைத்துக்கொண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும்.

இந்த வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது. அவர்கள் சோளக்கொல்லை ஓரத்தில்தான் ஓட்டிப் பார்த்தோம். அந்த மண்ணை நீங்கள் பார்க்கணும் மாமா. கறுப்புக் களி, நம் வயல் மாதிரியே மேடு பள்ளம் இல்லாத பூமி. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் முழுக்கச் சதுப்பாம். வயலுக்கு அடியில் ஓட்டைக் குழாய் பதித்துத் தண்ணீரை வடித்து ஏரிக்கு அனுப்புகிறார்கள். அங்கே நாம் மேட்டூர் எத்தனை அடி என்று தினம் பேப்பரைப் பார்க்கிறோம். இங்கே மழை பெய்தால் தண்ணீர் எப்போது ஒழியும் என்று விவசாயி பார்க்கிறான். எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

அந்த வீட்டுக்காரர் அவருடைய தாத்தா காலத்துப் பெட்ரோல் டிராக்டரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பெட்ரோலைப் பற்றவைக்கும் மேக்னெட்டோவில் பொறி பலவீனமாக வருகிறது. பாயிண்ட்டைத் தேய்ப்பதா, கண்டென்சரை முதலில் மாற்றிப் பார்ப்பதா என்று உங்களைக் கேட்கணும். ஞாயிற்றுக்கிழமை காலை உங்களுக்கு ஒன்பது மணி வாக்கில் கூப்பிடுகிறேன். போனைப் பட்டறை இரைச்சலில் வைக்காமல் சட்டைப் பையில் வைத்திருங்கள். அம்மாவுக்குப் பணம் போட்டுவிட்டேன், சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்