புது எஞ்சினுக்கு முதல் ஆயிரம் கிலோமீட்டர்

அன்பு மகளுக்கு,

புது வண்டியை 40-க்கு மேல் ஓட்டாதே என்று ஒருவர், முதல் நாளே நன்றாக மிதித்தால்தான் இழுவை வரும் என்று இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறாய். இருவர் பேச்சும் வேண்டாம் அம்மா. ரன்னிங் இன், அதாவது புது எஞ்சினைப் பக்குவமாக ஓட்டிப் பழக்குவது, இன்றைக்கும் தேவை. ஆனால் அது ஆமை வேகம் இல்லை.

சிலிண்டர் சுவரில், எண்ணெய் தங்குவதற்காக, குறுக்கு மறுக்காக மெல்லிய கீறல்கள் போட்டிருப்பார்கள். அவற்றின் கூர் முனைகளைத் தேய்த்துத்தான் பிஸ்டன் ரிங், அதாவது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம், சுவரோடு படிகிறது. எரியும் வாயு ரிங்கின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அழுத்த வேண்டும். சுமையே கொடுக்காமல் உருட்டிக்கொண்டிருந்தால் அந்த அழுத்தம் போதாது. ரிங் படிவதற்குள் சுவர் வழவழத்துவிடும், அப்புறம் எஞ்சின் எண்ணெய் குடிக்கும். படியாத ரிங்கோடு முழுசாக மிதித்தாலோ, உரசும் இடத்தில் சூடேறிச் சுவரில் வரி விழும். இப்போது ஆலையிலேயே அந்த முனைகளைப் பெருமளவு சீவிவிடுகிறார்கள். மீதி வேலை கொஞ்சம்தான், ஆனாலும் இருக்கிறது.

கையேட்டில் பெரும்பாலும் 1000 அல்லது 1600 கி.மீ. என்றிருக்கும். உன் வண்டிக்கு என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. அதுவரை, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மீட்டரில் சிவப்புக் கோடு 6000 ஆர்.பி.எம்.மில் இருந்தால் 4000-ஐத் தாண்டாதே. பாதி மிதியில் வேகமெடு, பிறகு காலை எடுத்து, கியரிலேயே வேகம் இறங்க விடு. இப்படி ஏற்றி இறக்குவதுதான் ரிங்குக்கு நல்லது. க்ரூஸ் கன்ட்ரோல் போட்டு ஒரே வேகத்தில் நெடுநேரம் போகாதே. எல்லாவற்றையும்விட மோசம், ஐந்தாம் கியரில் 1200 ஆர்.பி.எம்.மில் வண்டி திணறும்போது அழுத்தி மிதிப்பது. கியரைக் குறைத்துவிடு.

காலையில் நிறுத்திவைத்துச் சூடேற்ற வேண்டாம். அரை நிமிடத்தில் கிளம்பி நிதானமாக ஓட்டு. வெப்ப முள் நடுவுக்கு வந்தபிறகும் எண்ணெய் சூடாகச் சில நிமிடம் பிடிக்கும்.

500 கி.மீ.க்கு ஒருமுறை, சமதளத்தில் எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து, எண்ணெய் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார். தொடக்கத்தில் கொஞ்சம் குறையலாம். 5000 தாண்டியும் குறைந்துகொண்டே போனால் சர்வீஸில் காட்டு. கையேடு சொல்லாவிட்டால், 1000-இலேயே எண்ணெய் மாற்றத் தேவையில்லை.

ஒன்று மட்டும் மறக்காதே, கண்ணு. பிரேக் பேடும் டயரும்கூடப் புதுசு. முதல் 300 கி.மீ. அவை முழுப் பிடிப்பைத் தராது. மழையில் இன்னும் குறையும். முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விட்டு ஓட்டு.

அன்புடன்,
அப்பா